டைல் தரைக்கு அடியில் ஓதமா? பேர்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. டைல் இடுக்கில் கறுப்புக் கோடு, சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூ, சோபாவை நகர்த்தினால் அடியிலிருந்து ஒரு நமுத்த வாடை. உடனே யாராவது வந்து "எல்லாத்தையும் பேர்த்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்பார். அவசரப்படாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பேர்த்தால் புது டைலுக்கு அடியிலும் அதே தண்ணீர்தான் வந்து நிற்கும், செலவுதான் மிச்சம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் 1960களில் நகராட்சி கட்டிய வீடுகளைப் பாருங்கள். நிறைய வீடுகள் மேட்டை வெட்டிச் சமன்படுத்திய மனையில்தான் நிற்கின்றன, மழைத் தண்ணீர் பின்பக்க மேட்டிலிருந்து நேராக நம் சுவருக்கு இறங்கும். அதே நகரத்தின் மெரிபேங்க் பகுதியில் மேடு கிடையாது, அங்கே நிலமே தாழ்வு. இப்போது கட்டுகிற வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் 250 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை, இருந்தாலும் கிழிந்து போயிருக்கும்.

முதலில் பிளாஸ்டிக் சோதனை

அரை மீட்டர் சதுரத்தில் தடித்த, தெளிவான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வெட்டுங்கள். ஓதம் தெரிகிற இடத்தில் டைலைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, நாலைந்து இடுக்குகளாவது உள்ளே அடங்குகிற மாதிரி ஷீட்டை விரித்து, நான்கு பக்கமும் அகல டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். இரண்டு நாள் தொடாதீர்கள், அந்த இரண்டு நாளும் அந்த அறையில் தரை கழுவாதீர்கள் (வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வீடு என்றால் சனிக்கிழமைக்குப் பிறகு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் நாம் ஊற்றிய தண்ணீரையே சோதிப்போம்).

ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, இடுக்கு மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. ஷீட்டின் மேலே ஈரம், அடியில் காய்ந்திருக்கிறது என்றால் காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்த தரையில் படிகிறது. இந்த இரண்டாவது ரகத்தைப் பலர் நம்புவதே இல்லை. ஆனால் இங்கே கோடைக்காலமான ஜனவரி, பிப்ரவரியில் வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கிற எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கிற தரை அந்தக் குளிர்ச்சிக்குச் சுலபமாக வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் "காற்று வரட்டும்" என்று கதவைத் திறந்து வைத்தால் தரை இன்னும் வேர்க்கும். ஏசியை டிரை முறையில் ஓடவிடுங்கள், ஃபேன் போடுங்கள், ஜன்னலை வறண்ட காற்று வீசுகிற நாளில் திறங்கள். இதற்காக ஒரு டைலையும் தொட வேண்டாம்.

குழாய்தான் ஒழுகுகிறதா?

கீழிருந்துதான் வருகிறது என்று தெரிந்தபின் தண்ணீர் மீட்டருக்குப் போங்கள். எல்லாக் குழாயையும் மூடி, டாய்லெட் தொட்டிக்குப் போகிற வால்வையும் மூடி, சிவப்பு இலக்கங்கள் உட்பட மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். வெறுங்காலில் நடக்கும்போது தரையில் ஒரே ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கீசரிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படலாம்.

மீட்டர் கழிவுநீர்க் குழாயைக் காட்டாது. அது பழைய மண்குழாயாக இருந்து பக்கத்தில் கறிவேப்பிலை மரமும் இருந்தால் வேர் உள்ளே புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டு, ஓதம் குறைகிறதா என்று பாருங்கள்.

வெளியே ஒரு சுற்று

என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். வெளிச்சுவரில், தரை மட்டத்துக்கு ஒட்டி, செங்கல் வரிசைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், அதுதான் ஓதத் தடுப்புப் பட்டை. வெளியே மண்ணோ சிமெண்ட் நடைபாதையோ வீட்டுத் தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள், சுவரை ஒட்டிச் செண்டுமல்லிப் பாத்தி கட்டுவார்கள், ஆண்டுக்கு ஆண்டு எரு போட்டு மண் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் அந்தப் பட்டையே மண்ணுக்குள் புதைந்துவிடும். மண்ணை வெட்டி இறக்குங்கள். நடைபாதைக்குச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டினால் நீட்டி விடுங்கள்.

பின்பக்கம் மேடு இருந்தால் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி ஒரு வடிகால் வெட்டலாம். 300 மில்லிமீட்டர் அகலம், அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தாண்டாத ஆழம், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். உள்ளே வடிகட்டித் துணி விரித்து, துளைபோட்ட குழாய் வைத்து, 19 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடுங்கள். அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கக் கூடாது. ஒட்டு வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், நம் தண்ணீர் அவர் வாசலுக்குப் போனால் ஊரே வேடிக்கை பார்க்கும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். பல வீடுகளில் இதோடு சரியாகிவிடும். இடுக்கில் இருக்கிற கறுப்பை ஜிக் (பிளீச் திரவம்) கலந்த தண்ணீரால் தேய்க்கலாம், ஆனால் வினிகரையோ அமோனியா உள்ள திரவத்தையோ அதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். இடுக்குக்கு மேலே சீலர் பூசினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். கீழிருந்து வருகிற ஈரத்தை அது நிறுத்தாது.

பேர்த்தே ஆக வேண்டும் என்றால்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செய்யுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆடி மாதம் இங்கே வறண்ட குளிர்காலம், தளம் காய்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மரப்பிடியால் டைல்களைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வருகிற டைலில் தொடங்குங்கள். சுற்றி இடுக்கைக் கீறி எடுத்துவிட்டு உளியைச் சாய்த்து நெம்புங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். டைலுக்கு அடியில் பழைய வினைல் ஓடும் கறுப்புப் பசையும் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் (தென்னாப்பிரிக்கா அதை 2008இல்தான் தடை செய்தது), சுரண்டவோ அரைக்கவோ கூடாது, அதற்கென்று பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆயா காலத்துச் சிவப்புப் பாலிஷ் தரை அடியில் வந்தால், அந்த மெழுகை முழுவதும் அரைத்து எடுக்க வேண்டும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது, முன்பு ஒட்டிய டைல் கிளம்பியதற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் இறங்கும். புதிதாகச் சிமெண்ட் பூசினால் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு நாள் என்று காயவிடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

இப்போது எபாக்சி ஓதத் தடுப்புப் பூச்சு. முதல் பூச்சு நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில், நடுவே எவ்வளவு இடைவெளி என்று டப்பாவில் போட்டிருக்கும். இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த சலித்த மணலை அடர்த்தியாகத் தூவுங்கள், டைல் பசை பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும். பூச்சைச் சுவரிலும் ஏற்றி ஓதத் தடுப்புப் பட்டை வரை சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் தரையில் அடைபட்ட ஈரம் சுவர் வழியாக ஏறும், அடுத்த ஆண்டு பெயிண்ட் உரியும்.

டைல் ஒட்டும்போது நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை வைக்கிற வேலை வேண்டாம். பல் வைத்த கரண்டியால் பசையை முழுப் பரப்பிலும் இழுங்கள். சுவரோரம் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், ஓரப்பட்டை அதை மறைத்துக்கொள்ளும். மறுநாள் இடுக்கு நிரப்பலாம். அடுத்த மழைக்காலம் முடியும்வரை பெரிய கம்பளம் எதையும் விரிக்காதீர்கள், அடியில் ரப்பர் ஒட்டிய கம்பளம் என்றால் அதற்குப் பிறகும் வேண்டாம்.