பழைய பியானோவை ஒரே மூச்சில் 440-க்கு ஏற்றாதீர்கள்

பல வருடமாகச் சும்மா கிடந்த பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனரைக் கூப்பிடும் முன், செல்போனில் ட்யூனர் செயலியைத் திறந்து, நடு சி-க்கு (கீபோர்டின் நடுவில் வரும் சி ஸ்வரம்) மேலே வரும் ஏ கீயை அழுத்திப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் வர வேண்டும். 415 பக்கம் காட்டினால் சுருதி அரை ஸ்வரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதை ஒரே தடவையில் சரி செய்ய முடியாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசையைக் கூட்டினால் ஒன்றை ஒன்று பாதிக்கும். கடைசிக் கம்பியை முறுக்கி முடிப்பதற்குள் முதலில் முறுக்கியது இறங்கியிருக்கும். அதனால் முதலில் மேலோட்டமாக ஒரு சுற்று, அப்புறம் நுணுக்கமாக ஒரு சுற்று. சில வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லுங்கள்.

மேல் மூடியைத் திறந்து, கம்பியை முறுக்கும் ஆணியில் கம்பி சுற்றும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பழுப்பாகத் துரு பொரிந்திருந்தால், இழுக்கும்போது கம்பி அறுந்து போகலாம். அப்படிப்பட்ட பியானோவை அரை ஸ்வரம் கீழேயே வைத்து ட்யூன் செய்யச் சொல்வதுதான் நல்லது. தனியாக வாசிக்க அது தாராளமாகப் போதும்.

ஆணியில் எண்ணெய் மட்டும் விடவே கூடாது. ஆணி பதிந்திருக்கும் மரம் அதைக் குடித்துவிட்டால் ஆணி பிடிக்காது.