கரித்தூளும் கழிவும் கலந்து கட்டி போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி என் களத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் நாலு பிரிக்கெட் கட்டி (நிலக்கரித் தூளையும் தாவரக் கழிவையும் கலந்து அழுத்தின எரிகட்டி), சட்டைப்பையில் மடித்து வைத்த லேப் ரிப்போர்ட். "அண்ணா, கிலோவுக்கு 4,400 கிலோகலோரி சூடு வருதுங்க. இறக்குமதி கரித்தூள் பாதி, தென்னை நார்க்கழிவு பாதி. விலையும் கம்மி" என்றார். வாங்கிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்த அதே காகிதம், தேதிதான் வேறு.

ஈரமான தூளை இயந்திரத்தில் கொட்டுவது, மண்ணும் கல்லும் சேர்ந்த கடலைத் தோலை எடைக்கு வாங்குவது, இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் ஓட்டினால் மெஷினே சொல்லிக்கொடுத்துவிடும். மெஷின் சொல்லாத தவறுகள்தான் காசைத் தின்னும்.

கலோரியை மட்டும் பார்த்து விற்பது

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை பாய்லருக்கு 40 டன் அனுப்பினேன். நார்க்கழிவு மலிவாகக் கிடைத்த நேரம், கை தாராளமாகப் போய்விட்டது. முதல் இரண்டு நாள் நீராவி நன்றாக ஏறியது. மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன், பிரஷர் ஏறவில்லை, புகைபோக்கியில் கருப்பாகத் தள்ளுகிறது என்று. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தால், சாம்பல் உதிரியாகவே இல்லை. வெல்லப்பாகை ஊற்றி ஆறவிட்ட மாதிரி ஒரே பாளமாக, அடிக்கம்பிகளின் காற்று இடுக்கை எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. அடுப்பை ஆறவிட்டுக் கடப்பாரையால் உடைத்தோம். உடைந்த துண்டில் பாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு, நடுவில் எரியாத கரி அப்படியே. உடைக்கும்போது இரண்டு கம்பியும் போயிற்று. கம்பிக்குப் பணம், திரும்ப ஏற்றிவந்த லாரி வாடகை, பாதியில் நின்ற சாயத்துக்கு நஷ்டஈடு, எல்லாம் என் கணக்கில். ஆனாலும் அன்றைக்கு நான் முதலில் திட்டியது ஆபரேட்டரை. அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். நார்க்கழிவில் பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்த இடத்துச் சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம். நர்சரிக்கு விற்கிறவர்கள் இ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு) இறங்கும்வரை கழுவுவது அந்த உப்பைப் போக்கத்தான், கழுவாத சரக்கு மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். பெரும்பாலான நிலக்கரிச் சாம்பல் இளகுவதற்கு 1,200 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். பொட்டாசியம் குளோரைடோ 770 டிகிரியிலேயே உருகிவிடும், பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்தாலும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே பாகாகத் தொடங்கிவிடும். பாய்லர் அடுப்புக்குள் இருக்கும் சூடு 1,000 டிகிரியைத் தாண்டியது.

சரி, லேப் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை. அதைவிட மோசம், கலவையை 'நிலக்கரி' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நிலக்கரியை 815 டிகிரியில் எரித்துச் சாம்பலை நிறுப்பார்கள், தாவரக் கழிவுக்கு 550 டிகிரி. 815-ல் அந்த உப்பில் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும், காகிதத்தில் சாம்பல் குறைவாகத் தெரியும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். சாம்பல் எத்தனை சதவீதம் என்று கேட்டதோடு நிற்காமல் எத்தனை டிகிரியில் இளகுகிறது என்றும் கேளுங்கள், அதற்குத் தனியாகச் சோதனை இருக்கிறது. அவசரத்துக்கு நான் செய்வது, ஒரு கிலோவைக் கொல்லர் உலையில் போட்டுத் துருத்தியை முழுசாக ஓட்டச் சொல்வது. ஆறினதும் சாம்பல் விரலில் பொடிந்தால் மேற்கொண்டு போகலாம். உருகிப் பாளமாகக் கிட்டம் கட்டினால் அந்தக் கலவையை அங்கேயே மறந்துவிடுங்கள்.

2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் அனல்மின் நிலையங்களை 5 சதவீதம் தாவரக் கழிவு உருண்டை கலந்து எரிக்கச் சொன்னபோது "வெறும் அஞ்சா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த 5-க்குக் கரியை அரைக்கும் மில் உட்படப் பல காரணங்கள் உண்டு என்றாலும், வைக்கோலிலும் இதே பொட்டாசியமும் குளோரினும்தான் இருக்கின்றன. கொஞ்சமாகக் கலந்தால் நிலக்கரிச் சாம்பலில் உள்ள களிமண் சத்து பொட்டாசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி போனால் பிடிக்க ஆள் பத்தாது. இப்போது நான் மரத்தூளைத்தான் நம்பியிருக்கிறேன். நார்க்கழிவு கழுவினதாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. தம்பிக்கும் இதையேதான் சொன்னேன், முகம் தொங்கிப்போயிற்று.

மொலாசஸைப் பசையாக ஊற்றுவது

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் இந்தக் கழிவுப்பாகிலும் பொட்டாசியம்தான். நார்க்கழிவுக்கு மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

பசையே வேண்டாம் என்று நினைப்பது

மரத்தூள் பசை இல்லாமல் ஒட்டுவது அதிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பசை சூட்டில் இளகுவதால். கரித்தூளில் லிக்னின் கிடையாது. கரி ஏற ஏற கட்டி குறுக்கே விரிசல் விடும், லாரியில் ஏற்றும்போது கட்டி, இறக்கும்போது தூள். மரவள்ளி மாவு நல்ல பசை, சேலம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும்.

"புகையே வராது" என்று சத்தியம் செய்வது

கந்தகம் குறையும், அது உண்மை, மரத்தூளில் கந்தகம் சொற்பம். புகை வேறு விஷயம். தாவரக் கழிவில் பெரும்பங்கு வாயுவாகக் கிளம்பி மேலே போய்த்தான் எரியும். கரிக்கு வைத்த மாதிரி காற்றை அடியில் மட்டும் ஊதினால் அந்த வாயு எரியாமல் புகைபோக்கி வழியாகப் போகும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நிற்பார். மேல்காற்றைக் கூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் நான் லோடு இறக்குவேன்.

குவியலை உயரமாகக் கட்டுவது

ஈரக் கழிவும் கரித்தூளும் சேர்ந்தால் உள்ளுக்குள் தானே சூடாகும். ஒரு நீளமான இரும்புக் கம்பியைக் குத்திவைத்துக் காலையில் உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் உடனே கலைத்துப் பரப்புங்கள்.

வீட்டுக்குள் எரிக்கக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். கதவடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

மழை

மரவள்ளி மாவு போட்ட கட்டி நனைந்தால் கூழ். தார்ப்பாய் வாங்கிவிட்டு அப்புறம் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.