எம்ஜிபி கதவு உள்ளே ஒரு பாலித்தீன் ஷீட் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் 1972 எம்ஜிபியின் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) கதவைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, புது டோர் கார்டு வந்தாச்சு, நாளைக்கு மாட்டிடலாம்ல?" என்று கேட்டார். டோர் கார்டு என்பது கதவின் உட்பக்கத்தை மூடும் அட்டை. படத்தில் கதவின் உட்பக்கம் வெறும் தகரமாக இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் என் கதவும் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே கார்டை வைத்து மூடினேன். ஸ்க்ரூவைத் தொலைக்காதே, கழற்றும் முன் போட்டோ எடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன். காரின் உள்பக்க வேலையில் நாம் செய்யும் மற்ற தவறுகள் இவை.

பிலிப்ஸ் பிட்டை வைத்துத் திருகுவது

கூட்டல் குறி போல இருப்பதெல்லாம் பிலிப்ஸ் இல்லை. இந்தக் காரில் பல இடங்களில் போசிடிரைவ் ஸ்க்ரூ இருக்கும், தலையில் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். அதற்குரிய பிட் வாங்குங்கள்.

கார்டின் ஓரத்தைப் பிடித்து இழுப்பது

இழுக்காதீர்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் அகலமான பட்டையை நுழைத்து நெம்புங்கள்.

பாலித்தீன் ஷீட்டைத் திரும்ப ஒட்டாமல் விடுவது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. கார்டைக் கழற்றியதும் கதவுத் தகரத்தின் மேல் கிழிந்து, பழுப்பேறி, பிசின் ஒட்டிய ஒரு ஷீட் தொங்கும். பல கார்களில் முன்பு கை வைத்தவர் அதையும் பிய்த்துப் போட்டிருப்பார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எதற்கு இது என்று நாமும் சுருட்டி எறிந்துவிடுகிறோம்.

கதவுக்குள் தண்ணீர் வரவே வராது என்று நினைப்பதுதான் பிரச்சினையின் வேர். வரும், வந்தாக வேண்டும். மழை பெய்தால் கண்ணாடியில் வழியும் தண்ணீர் ரப்பரைத் தாண்டிக் கதவின் உள்ளே இறங்கி, அடியிலிருக்கும் துளைகள் வழியாக வெளியேறும். கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே சிதறும் நீர் கார்டின் மேல் படாமல் தடுப்பது அந்த ஷீட் ஒன்றுதான். கார்டு என்பது வினைல் ஒட்டிய ஹார்ட்போர்டு, தண்ணீர் பட்டால் உறிஞ்சி உப்பும். அடிப்பக்கம் வளையும், கிளிப் பிடித்திருந்த இடம் கூழாகிப் பிய்ந்து வரும்.

கார்டு போனால் போகட்டும், வேறு வாங்கலாம். ஆனால் அந்த ஈரம் கார்டோடு நிற்பதில்லை. கதவு ரப்பருக்கு உட்பக்கமாகக் கசிந்து கார்ப்பெட்டில் இறங்கும். கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் ஃபெல்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். தரைத் தகரமும், கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் 'சில்' என்கிற பெட்டியும் சேரும் மூலையில் ஈரம் தங்கும். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, காரின் பலமே அந்த 'சில்'லில்தான் இருக்கிறது. அதுவும் ஒரே தகரம் இல்லை: வெளித் தகரம், நடுத் தகரம், உள் தகரம், அடியில் 'காசில் ரெயில்' என்கிற இன்னொரு தகரம் என்று அடுக்கடுக்காக. துரு உள்ளிருந்து தின்றால் வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்வரை தெரியாது. அதை மாற்ற, முன்பக்க மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், மேல் திறக்கிற காராக இருந்தால் கதவு இடைவெளியில் முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் பாடியே தொய்ந்துவிடும். நான் இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே சீட், கார்ப்பெட், கார்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட வெல்டிங்குக்குக் கொடுத்தது அதிகம், அதற்கான காரணம் ஒரு பாலித்தீன் துண்டு என்பது இன்றும் வலிக்கிறது.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. முதலில் கதவடித் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி ஏற்றி இறக்கும் கருவிக்கு கிரீஸ் போட்டு நாலைந்து முறை சுற்றிப் பாருங்கள், மூடிய பிறகு கோளாறு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். அப்புறம் கனமான பாலித்தீனை வெட்டி, பியூட்டைல் பசை நாடாவால் சுற்றிலும் ஒட்டுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் தகரத்தின் மேல் ஒட்டாமல், அடியிலிருக்கும் திறப்புக்குள் செருகிவிடுங்கள். அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் மீண்டும் கதவுக்குள்ளேயே விழும். இந்த ஒரு ஓரத்தில்தான் ஷீட் ஒட்டுபவர்களும் கோட்டை விடுகிறார்கள்.

பழைய கார்டை உடனே எறிவது

புதிய கார்டுகள் பல நேரம் கைப்பிடிக்கான துளை இல்லாமல் வரும். பழையதை மேலே வைத்துக் குறித்துக்கொள்ளலாம். அது உப்பிக் கிழிந்திருந்தாலும் சரி, வேலை முடியும்வரை வைத்திருங்கள்.

கார்ப்பெட்டில் டிரில் ஓட்டுவது

டிரில் பிட் ஒரு நூலைப் பிடித்தால் ஒரு வரி முழுக்க உருவிக்கொண்டு வரும். குழாய் உளியால் தட்டி ஓட்டை போடுங்கள்.

ஜனவரியில் வினைல் ஒட்டுவது

வேண்டாம். குளிரில் வினைல் விறைத்திருக்கும், மூலைகளில் மடங்காது, பசையும் பிடிக்காது. தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: ஷீட்டை இந்த வாரமே ஒட்டு, மற்றதை மே மாதம் பார்க்கலாம்.