காணொளித் தளங்களைப் பற்றிய ஆவணப்படத்தில் அரசியல் சாய்வைக் கண்டறியும் முறை

யூடியூப், டிக்டாக் போன்ற தளங்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பாளையங்கோட்டையில் ஏதேனும் ஒரு கல்லூரி அரங்கிலோ வாசகர் வட்டத்திலோ திரையிட எண்ணுபவர்கள், வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, படம் சொல்லும் ஒவ்வொரு நிகழ்வையும் தேதியோடு குறித்துவரச் சொல்ல வேண்டும். பொய் ஒன்றும் சொல்லாமலேயே, கதை தொடங்கும் நாளைச் சற்றுத் தள்ளி வைத்துச் சாய்வை உண்டாக்கிவிட முடியும்.

டிக்டாக் தடையை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 15 அன்று லடாக் எல்லையிலுள்ள கல்வானில் இந்திய, சீனப் படைகளிடையே மோதல் நடந்தது. ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. இந்த இரண்டு வாரங்களை மட்டும் காட்டும் படம், அரசை ஆதரிப்பதானால் நாட்டின் பாதுகாப்பு என்றும், எதிர்ப்பதானால் கருத்துரிமைப் பறிப்பு என்றும் எளிதாக முடித்துவிடும். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2019 ஏப்ரல் 3 அன்று, நெல்லைச் சீமையின் வழக்குகள் போய்ச் சேரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆபாசக் காட்சிகளையும் சிறுவர் பாதுகாப்பையும் கருதி அச்செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டு, அதே மாதம் 24ஆம் தேதி அதை விலக்கிக்கொண்டது. எந்தக் கட்சியின் கதைக்கும் வசதியாக அமையாத இந்த நிகழ்வைப் படம் சொல்கிறதா, எவ்வளவு நேரம் சொல்கிறது என்று பாருங்கள்.

யூடியூபின் பரிந்துரைகள் பார்வையாளரைத் தீவிரக் கருத்துகளின் பக்கம் இழுக்கின்றன என்று பேட்டியில் ஒருவர் சொன்னால், அவர் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள். விதிமீறலின் எல்லையை ஒட்டி நிற்கும் காணொளிகளைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக அந்நிறுவனம் 2019 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முந்தைய அனுபவத்தை இன்றைய நிலவரம் போலக் காட்டுவது நேர்மையன்று.

வதந்தியைப் பற்றிய பகுதியில் வெள்ளக் காட்சி வந்தால், அது 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்ததா, வேறு ஆண்டினதா என்பதை நெல்லை வண்ணார்பேட்டைக்காரர் அந்த ஆற்றின் மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரைப் பேச விடுங்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை இறுதிப் பெயர்ப்பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மனத்துக்கு உகந்த கட்சியின் பக்கம் சாயும் படத்தைத்தான் முதலில் இப்படிச் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விவாதம் தொடங்குமுன் தாள்களை வாங்கிவிடுங்கள். மூத்தவர் ஒருவர் வாய் திறந்துவிட்டால், மாணவர்கள் தாங்கள் எழுதியதை அவருக்கேற்பத் திருத்திக்கொள்வார்கள்.