லேத் துணைக்கருவிகளில் கை வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், மரக்கடைசல் பழகுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கை அரிக்கும். மரத்தைக் கவ்வும் சக்கின் தாடை எட்டவில்லை, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் குட்டை, மரத்தைத் திருகி மாட்டும் தட்டான ஃபேஸ்பிளேட் சிறியது. நாமே மாற்றிக்கொண்டால் என்ன? தாராளமாக மாற்றலாம். ஆனால் எந்தத் துணைக்கருவிக்கும் இரண்டு முகம் உண்டு: ஒன்று மரத்தையோ கருவியையோ தாங்குவது, மற்றொன்று இயந்திரத்தில் உட்காருவது. முதல் பக்கத்தில் ஓரளவு விளையாடலாம். பெரிய வம்பு இரண்டாவது பக்கத்தில்தான்.

இதை நான் கெடுத்துத்தான் கற்றேன். மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் செருகிய டிரில் சக் (துளைக்கருவியைப் பிடிக்கும் சக்) வழுக்கிக்கொண்டே இருந்தது. அதன் தண்டு 2ஆம் எண் மோர்ஸ் டேப்பர், 20 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. விட்டம் குறைகிற மெல்லிய சரிவு. முழு நீளமும் ஒட்டி உட்கார்ந்தால்தான் அது பிடிக்கும். நானோ சொரசொரப்பாக்கினால் பிடிப்பு கூடும் என்று எமரித் தாளால் தேய்த்தேன். நடுப்பகுதி தேய்ந்தது, இருந்த பிடிப்பும் போனது. உள்ளேயே சுற்றிச் சுற்றி ஸ்பிண்டிலின் (சுழலும் அச்சின்) உள்சுவரிலும் கோடு விழுந்தது. அதன் பிறகுதான் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும்! ஒரு துணி போதுமாக இருந்திருக்கும். சுத்தம் செய்த பிறகும் சக் கழன்று வரும் என்ற பயம் இருந்தால், ஸ்பிண்டில் துளை வழியாகப் பின்பக்கத்திலிருந்து மரையிட்ட கம்பியைப் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது மரை. மரத்துண்டில் துளையிட்டு, டேப் என்ற மரை வெட்டும் கருவியால் மரை போட்டு ஃபேஸ்பிளேட் செய்வது நல்ல வேலைதான். ஸ்பிண்டில் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை என்றால் துளை 7/8 அங்குலம். பலர் கோட்டைவிடுவது துளையின் வாயில். ஸ்பிண்டிலின் தோள்பட்டைக்கு (மரைக்குப் பின்னால் உள்ள தட்டையான விளிம்புக்கு) முன்னால் மரையில்லாத ஒரு சிறு பகுதி இருக்கும். அதற்கு இடம்விட்டு வாயை அகலமாக்காவிட்டால் தட்டு தோள்பட்டையைத் தொடாமலே இறுகிவிடும், ஓடும்போது ஆடும். உடனே டெஃப்லான் டேப்பைச் சுற்றுவார்கள். அதனால் பயனில்லை. தட்டை நேராக நிறுத்துவது தோள்பட்டை. மரை அதை இழுத்துப் பிடிக்க மட்டுமே. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கழற்றித் திரும்பச் செய்யுங்கள்.

திருப்புச் சுழற்சியில் சக் கழலாமல் இருக்கப் அதன் பக்கத்தில் துளையிட்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) போடுவதும் உண்டு. அது நேராக ஸ்பிண்டிலின் மரையில் கடித்தால் பிசிறு எழும்பி, அப்புறம் எந்தச் சக்கும் சுலபமாக ஏறாது. அடியில் ஒரு பித்தளைத் துணுக்கு வைக்க வேண்டும்.

எடைச் சமநிலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தட்டின் ஒரு பக்கம், மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி, 50 கிராம் போல்ட் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றில் அது சுமார் 5.6 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும். 2000 சுற்றில் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 22 கிலோவுக்கு மேல். ஒரு துளை போட்டால் எதிர்ப்பக்கமும் அதே தூரத்தில் ஒரு துளை போடுங்கள். முதல் ஓட்டம் கையால், பிறகு மிகக் குறைந்த வேகத்தில், தட்டுக்கு நேர் எதிரே நிற்காமல்.

ஃபேஸ்பிளேட்டில் மரத்தை மாட்ட டிரைவால் ஸ்க்ரூ (ஜிப்சம் பலகைக்குப் போடும் திருகு) வேண்டாம். வளையாமல் பட்டென்று தலை முறியும். மரத்துக்கும் ஃபேஸ்பிளேட்டுக்கும் நடுவே ஒட்டும் பசைத் துண்டுக்கு எம்டிஎஃப் பலகையும் (மரநாரை அழுத்திச் செய்தது) வேண்டாம், அடுக்கடுக்காகப் பிய்ந்து வரும்.

டூல் ரெஸ்டை நீட்ட வார்ப்பிரும்பில் வெல்டிங் போடாதீர்கள். வீட்டு வெல்டிங்கில் ஒட்டினதுபோல் இருக்கும், ஆறும்போது பக்கத்திலேயே விரிசல் விடும், உளி சிக்கும் நேரத்தில் உடையும். நீளமாக வேண்டுமென்றால் எஃகில் புதிதாகச் செய்துகொள்வது மேல். ஆனால் டூல் ரெஸ்டின் மேல்விளிம்பில் அரம் போட யாரும் தயங்க வேண்டியதில்லை. உளி பட்டுப் பட்டு அங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். அவற்றில் உளி தடுக்கினால் அந்தத் தடுக்கல் அப்படியே மரத்தில் பதியும். அரத்தை நீளவாக்கில் இழுத்து, மெழுகு தேய்த்து, உளியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்திப் பாருங்கள். எங்கும் நிற்காமல் போனால் சரி.