பழைய மஸ்டாங், புதிய மஸ்டாங்: எடை எங்கிருந்து ஏறியது என்று நீங்களே கணக்குப் போடும் முறை

அமெரிக்காவின் புகழ்பெற்ற ஃபோர்டு மஸ்டாங் காரின் 1965 மாடல் எடை 1,109 கிலோ. 2015 மஸ்டாங் ஜிடியின் எடை 1,680 கிலோ. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு, "ஸ்க்ரீன், சென்சார், ஏசி என்று எல்லாவற்றையும் திணித்துக் காரைக் குண்டாக்கிவிட்டார்கள்" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். இரண்டு எண்களும் சரிதான். அவற்றை வைத்துச் செய்யும் முடிவில்தான் கோளாறு.

எடை எங்கெங்கே ஏறியது என்று கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், இரண்டு கார்களின் அளவு விவரங்கள் இருந்தால் போதும். மஸ்டாங்கை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: ஜோடியைச் சரியாகப் பொருத்துங்கள்

மேலே சொன்ன 1,109 கிலோ எந்த மஸ்டாங்குக்கு? ஆறு சிலிண்டர் எஞ்சின் போட்ட, மிகக் குறைந்த விலையில் விற்ற மாடலுக்கு. 2015 ஜிடி மாடலிலோ 5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் நியாயம் இல்லை. பழைய பக்கத்திலும் வி8 மாடலையே எடுங்கள்.

எடுத்த எடுப்பில் பெரும்பாலானோர் வழுக்குவது இந்த இடத்தில்தான். தொடக்க கால மஸ்டாங்கில் தேர்வுகள் ஏராளம். எஞ்சினில் தொடங்கி பவர் ஸ்டீயரிங், முன்சக்கர டிஸ்க் பிரேக் வரை தனித்தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் சேர்க்காத காரின் எடைதான் விளம்பரத் தாளில் இருக்கும்.

படி 2: எப்படி எடை போட்டார்கள் என்று பாருங்கள்

பழைய கையேடுகளில் பெரும்பாலும் இருப்பது ஷிப்பிங் வெயிட். அதில் பெட்ரோல் சேராது. இன்று சொல்வது கெர்ப் வெயிட்: டேங்க் நிறையப் பெட்ரோல், எஞ்சின் ஆயில், கூலன்ட் எல்லாம் ஊற்றி, ஓட்டுநர் மட்டும் ஏறாத நிலை. 1965 மஸ்டாங்கிலும் 2015 ஜிடியிலும் டேங்க் கொள்ளளவு ஏறக்குறைய 60 லிட்டர்தான். அவ்வளவு பெட்ரோலின் எடை சுமார் 45 கிலோ. ஒரு பக்கம் அதைச் சேர்த்து, இன்னொரு பக்கம் விட்டுவிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும்.

வி8 எஞ்சினையும் பெட்ரோலையும் சேர்த்துவிட்டால் 1965 மஸ்டாங் 1,300 கிலோவைத் தாண்டிவிடும். கணக்குக்கு 1,320 என்று வைத்துக்கொள்வோம். 570 கிலோ என்று பயமுறுத்திய வித்தியாசம் இப்போது 360 கிலோவாக இறங்கிவிட்டது. இனி ஆராய வேண்டியது இந்த 360 கிலோவைத்தான்.

படி 3: டேப் பிடியுங்கள்

1965 மஸ்டாங்: நீளம் 4,613 மிமீ, அகலம் 1,732 மிமீ. 2015 மஸ்டாங்: நீளம் 4,783 மிமீ, அகலம் 1,915 மிமீ. உயரமும் 8 செமீ கூடியிருக்கிறது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். பழையது 8 சதுர மீட்டர், புதியது சுமார் 9.2 சதுர மீட்டர். 15 சதவீதம் கூடுதல் இடம். கார் பெரிதான அதே விகிதத்தில் எடையும் ஏறியிருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 1,320 கிலோவில் 15 சதவீதம் ஏறக்குறைய 200 கிலோ. முரட்டுக் கணக்குதான், தராசில் வைத்துப் பார்த்ததல்ல. ஆனாலும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் காரின் உருவத்திலேயே இருக்கிறது என்பது புரியும். புகைப்படத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் பழைய மஸ்டாங் எவ்வளவு சின்னது என்று தெரியவரும்.

படி 4: எலும்புக்கூட்டைப் பாருங்கள்

மீதி இருக்கும் 160 கிலோவில் சுவாரசியமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

1965 மஸ்டாங் ஹார்ட்டாப்பின் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கினால் முன்னிருந்து பின்வரை தடையே இல்லாமல் திறந்துவிடும், நடுவில் தூண் கிடையாது. பார்க்க அவ்வளவு அழகு. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடே டிக்கியின் தரையாகவும் வேலை செய்தது. ஒரு தகடு மிச்சம், எடையும் மிச்சம். பின்னாலிருந்து ஒரு வண்டி வேகமாக மோதினால் பெட்ரோல் எந்தப் பக்கம் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீயரிங் கம்பியோ மோதலில் மடங்காமல், நெஞ்சை நோக்கி நிற்கும் ஈட்டி மாதிரியானது. மடங்கும் வகை 1967 மாடலில்தான் வந்தது.

1966 செப்டம்பரில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக விதிகள். 1968 முதல் முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட். 1973 மாடல்களில் கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் வலுவும், மெதுவான மோதலைத் தாங்கும் பம்பரும். 1998 மாடல் முதல் முன்னால் இரண்டு ஏர்பேக். கூரை தன் காரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும் என்றிருந்த விதி, 2009இல் மூன்று மடங்காக மாற்றப்பட்டது. இதில் ஒரு குறும்பைக் கவனியுங்கள்: கார் கனமானால், அதன் கூரை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்தே ஏறும்.

இந்த எலும்புக்கூடு என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் நடத்திய மோதல் சோதனையின் காணொளியைத் தேடுங்கள். 1959 செவ்ரலே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 செவ்ரலே மாலிபு எதிர்ப்பக்கம், மணிக்கு 64 கிமீ வேகம். இரண்டுமே மஸ்டாங் மாதிரி சக்தி கூடிய எஞ்சின் போட்ட மஸில் கார் இல்லைதான். ஆனால் பழைய காரின் ஓட்டுநர் அறை நசுங்கி உள்ளே வருவதையும், புதிய காரில் அந்த அறை அப்படியே நிற்பதையும் பார்த்த பிறகு, "அந்தக் காலத்து இரும்பு அசல் இரும்பு" என்று யாரும் பேசுவது கஷ்டம்.

படி 5: சங்கிலியைப் பிடியுங்கள்

உடம்பு கனமானால் நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக் உள்ளே அடங்கப் பெரிய சக்கரம் வேண்டும். இவற்றைத் தாங்கக் கனமான அச்சும் சஸ்பென்ஷனும் வேண்டும். பந்திக்கு ஆள் கூடினால் சமையல்காரர் கூடும், அந்தச் சமையல்காரருக்கும் சேர்த்தே உலை வைக்க வேண்டும் என்பதுபோல.

1965இல் மஸ்டாங்கின் சக்கரம் பெரும்பாலும் 13 அல்லது 14 அங்குலம், கூடுதல் காசு கொடுக்காவிட்டால் பிரேக் நான்கிலும் டிரம். 2015 ஜிடியில் பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பை வாங்கினால் சக்கரம் 19 அங்குலம். முன்பக்க பிரேக் டிஸ்க் மட்டுமே 380 மிமீ விட்டம். அதாவது பழைய காரின் சக்கரத்தையே விடப் பெரிய டிஸ்க். அதே 2015இல்தான் மஸ்டாங் வரிசை முழுவதற்கும் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும், உதிரிபாகங்களும் எடையும் கூடும்.

படி 6: எஞ்சினைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்

குற்றப்பட்டியலில் முதலில் எழுதப்படுவதும் முதலில் அடிக்க வேண்டியதும் இதுதான். பழைய வி8 வார்ப்பிரும்பு, புதியது அலுமினியம். 2015 மஸ்டாங்கில் பானெட்டும் முன் ஃபெண்டர்களும்கூட அலுமினியம்தான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தும் நிகரமாக எடை ஏறியிருக்கிறது என்றால், மற்றவை எவ்வளவு சேர்த்திருக்கும் என்று பாருங்கள். ஸ்க்ரீன், ஸ்பீக்கர், ஏசி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் அவை கடைசி வரிசைதான்.

படி 7: சக்தியை எடையால் வகுங்கள்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1965 மஸ்டாங்கின் வேகமான வி8 எஞ்சினுக்கு 271 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். அது "கிராஸ்" கணக்கு: ஏர் ஃபில்டர், காரின் முழு எக்ஸாஸ்ட் போன்ற சுமைகள் இல்லாமல் மேசையில் வைத்து அளந்தது. 1972 மாடல்களில்தான் அமெரிக்க நிறுவனங்கள் "நெட்" கணக்குக்கு மாறின. 2015 ஜிடியின் 435 குதிரைத்திறன் நெட். பழைய எண்ணை அப்படியே நம்பினாலும் டன்னுக்கு சுமார் 205 வருகிறது, புதியதில் 259. கனமான கார்தான் முந்துகிறது.

படி 8: வேறு ஜோடியில் முயலுங்கள்

டாட்ஜ் சேலஞ்சரை எடுங்கள். 1970 சேலஞ்சர் அப்போதே அகலமான கார், 1,933 மிமீ. ஹெமி என்ற பெரிய வி8 எஞ்சின் போட்டால் எடை 1,700 கிலோ பக்கம். 2008இல் திரும்பி வந்த சேலஞ்சர் எஸ்ஆர்டி8, செடான் கார்களுக்காக உருவாக்கிய சேஸியைச் சுருக்கி அதன்மேல் கட்டப்பட்டது. எடை சுமார் 1,878 கிலோ. 38 ஆண்டு இடைவெளிக்கு வித்தியாசம் அவ்வளவுதான், ஏனென்றால் பழையதே பெரிய கார்.

செவ்ரலே கமாரோ நேர்மாறான பாடம். 2010 கமாரோ எஸ்எஸ் சுமார் 1,751 கிலோ. 2016இல் அதைவிடச் சிறிய சேஸிக்கு மாற்றினார்கள், எடை 1,671 கிலோவாக இறங்கியது. ஏர்பேக்கையோ ஏசியையோ எடுத்து வீசாமலே 80 கிலோ குறைந்தது. படி 3 ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, பேட்டரியில் ஓடும் 2024 டாட்ஜ் சார்ஜர் டேடோனா: சுமார் 2,650 கிலோ. அதை எடுக்கும்போது தாளில் "பேட்டரி" என்று புதிதாக ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள், மற்ற எல்லா வரிகளுக்கும் மேலே.