ஏரியா பையன்களுக்காக இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் ஒரு அடிதடி நடந்துவிட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே "பசங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று கூட்டம் போடுவார்கள். நல்ல எண்ணம்தான். அப்படி ஒரு கூட்டத்தில் கை தூக்கித்தான் நானும் வட சென்னையில் ஒரு மாலை நேர மையத்துக்குள் வந்தேன். அங்கே நாங்கள் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வம்புக்காரர்கள் என்று பெயரெடுத்த 11 பையன்களை மட்டும் பொறுக்கியெடுத்து, சனிக்கிழமைதோறும் கேரம், அப்புறம் அறிவுரை என்று உட்கார வைத்தோம். இரண்டு தெருப் பையன்கள், அதுவரை ஒருவரையொருவர் சரியாகத் தெரியாது. ஒரே மாதத்தில் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். இருப்பதில் பெரியவன் ஸ்ட்ரைக்கரை விரலுக்கடியில் தேய்த்துக்கொண்டே, தான் கத்தி காட்டிய கதையைச் சொல்வான். மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எங்கள் அறிவுரையை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அமெரிக்காவில் இதை வெகு காலம் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் 1939-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தில், பாதிச் சிறுவர்களுக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஏறத்தாழ 30 வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்த ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட், உதவி பெற்றவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது என்று கண்டார். அதிலும் முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள். நாங்களும் வம்புக்காரர்களை மட்டும் ஒன்றாக உட்கார வைப்பதை விட்டுவிட்டு, கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டோம். 40 பேருக்கு நடுவில் அந்த 11 பேர் கலந்த பிறகு கத்திக் கதைக்கு ஆள் சேரவில்லை.

அடுத்தது மிரட்டல். "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க சார், பயந்துடுவான்" என்று பெற்றவர்களே வந்து நிற்பார்கள். நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970-களில் ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டிப் பார்த்தார்கள். இந்த மாதிரித் திட்டங்களைப் பின்னால் ஆராய்ந்தபோது, மிரட்டல் வாங்கியவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் தப்பு செய்திருந்தார்கள். நம் ஊரில் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது ஆகாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் போட்டோவை "ஜாக்கிரதை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதும் குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். 16 வயதில் தெருவே பார்த்த அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு அவன் எந்தக் கடையில் போய் வேலை கேட்பான்?

நேரத்தையும் கவனியுங்கள். பள்ளி விட்டு, அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை வீட்டில் ஆள் இல்லாத அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் முக்கியம். டி-ஷர்ட் கொடுத்து ஒருநாள் ஓட்டம் நடத்துவதைவிட, தினமும் நாலரைக்கு மையத்தைத் திறக்க ஒரு ஆள் இருப்பது மேல்.

உதவிக்கு வருகிற பெரியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். பிள்ளையோடு யாரும் தனி அறையில் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் ஏரியாவுக்குள் பேசி முடிக்கவே கூடாது. போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

அப்புறம், பிள்ளைகளைக் கேட்காமலே முடிவெடுப்பது. பெண் பிள்ளைகள் ஏழு மணிக்கு மேல் நிற்பதில்லை, ஆர்வம் இல்லை போல என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். ஒருநாள் ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் கேட்டபோது, "முக்குல லைட்டு எரியல அண்ணா" என்றாள். போய்ப் பார்த்தால் பொதுக் கழிப்பறைப் பக்கம் கம்பத்தில் பல்பே இல்லை. மாநகராட்சிக்கான மனுவை அவளையே எழுதச் சொன்னோம். பல்பு போட்ட வாரம் எட்டு மணிவரை ஆறு பெண்கள் இருந்தார்கள்.